ஒரு குரலும் பல குரலும்

அலுவலின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு ஷில்லாங் நகரத்தில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை நாம் அறிவோம். அக்குடும்பத்துச் சிறுமி, பத்து வயதினள், தன் பள்ளியின் சேர்ந்திசைக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். வீட்டில் எல்லோர்க்கும் மகிழ்ச்சி. பாட்டியார் இளமையில் முறையாகச் சங்கீதம் பயின்றவர். பேத்தி பாடக் கேட்பதற்கு ஆவலோடு அமர்ந்தார். பள்ளியில் கற்பித்த பாட்டு, அவர் வானொலியில் பலமுறை கேட்டிருந்த பாட்டுத்தான். சிறுமி பாடத் தொடங்கியதும் அவர் முகம் சுருங்கிற்று. மெட்டு மேலே போக வேண்டிய இடத்தில் அவள் ஒரே ஸ்வரத்தில் நின்றாள். கீழே வர வேண்டிய இடத்தில் பாதி இறங்கித் தங்கிவிட்டாள்.

“மெட்டுத் தவறிப் பாடுகிறாயே, குழந்தாய்!” என்றார் பாட்டியார்.

“இல்லை பாட்டி, டீச்சர் எனக்குக் கொடுத்த பங்கு இதுதான்” என்றாள் சிறுமி.

பாட்டியார் அதனை ஏற்கவில்லை. நான்கு நாள் மாலையில் உடன் அமர்ந்து, சரியான மெட்டைப் பாடம் பண்ணுவித்தார். ஐந்தாம் நாள் பள்ளியில் சிறுமி அம்மெட்டையே பாடினாள். ஆசிரியை பாட்டை நிறுத்தி, தன் பங்கை மறந்தவள் குழுவில் இருத்தல் இயலாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிறுமி அழுதுகொண்டே வீடு திரும்பினாள். இனிப் பாடவே மாட்டேன் என்றும் கூறிவிட்டாள்.

இதில் யார்மீது குற்றம் சொல்வது? பாட்டியாரின் செவி கூரிய செவி. ஆசிரியையும் தம் கலையில் தேர்ந்தவரே. ஆயினும், ஒரு துணியிலிருந்து உருவி எடுத்த தனி நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் பூவும் கரையும் எங்கே என்று பாட்டியார் தேடினார், கிடைக்கவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர்க்கு இத்தகைய அனுபவம் ஏதேனும் ஒரு வடிவில் நேர்ந்திருக்கும். அண்டை வீட்டாரின் இசை நமக்கு வெறும் ஓசையாகவும், நம் இசை அவர்க்கு ஒரே நீண்ட இழுப்பாகவும் தோன்றுவது உண்டு. இதன் காரணங்களுள் முக்கியமான ஒன்றைப்பற்றியே இங்கே ஆராயப் புகுகின்றோம்.

ஒரு பாட்டைக் கேட்டதும் அதன் ராகம் யாது, தாளம் யாது என்று வினவுதல் நமக்குப் பழக்கம். மூன்றாவதாக மற்றொரு வினாவும் உண்டு. ஒரே சமயத்தில் எத்தனை இசை வரிகள் ஒலிக்கின்றன? அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு பூண்டு நிற்கின்றன? மேலை நாட்டு இசை நூலார் இதனை ‘டெக்ஸ்சர்’ என்பர். நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. நாமும் இதனை இசையின் நெசவு என்றே வழங்கலாம். பாவும் ஊடும் கூடும் முறையால் பட்டு ஒரு தன்மையும் கம்பளி வேறொரு தன்மையும் பெறுவது போல, இசை வரிகள் கூடும் முறையால் ஒரு பாட்டின் தன்மையே மாறிவிடுகின்றது.

நெசவுகளுள் எளியது ஒற்றையிழை. ஒருவர் துணையின்றிப் பாடும் தாலாட்டு இதற்கு உதாரணம். இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பாடுவோர் தொகை பெருகுவதால் இழை பெருகுவதில்லை. பள்ளி மைதானத்தில் ஆயிரம் மாணவர் கூடி நாட்டுப் பண்ணைப் பாடினும், அனைவரும் ஒரே மெட்டைப் பாடுவதால் அது ஒற்றையிழையே. ஆடவர் கீழ் ஸ்தாயியிலும் மகளிர் மேல் ஸ்தாயியிலும் பாடினாலும் அப்படியே. ஸ்வரம் ஒன்றாகையால் அதனை ஒரே வரியாகவே கொள்வர். மார்கழி விடியலில் மாதுங்காவிலோ கரோல்பாகிலோ நம்மவர் கூடிப் பாடும் பஜனையில், தலைவர் ஓர் அடியைச் சொல்ல மற்றவர் அதனைத் திருப்பிச் சொல்வர். அங்கும் குரல்கள் மாறிமாறி வருகின்றனவே தவிர, வரி ஒன்றுதான்.

இரண்டாவது நெசவு, அசையாத சுருதியின்மேல் அசையும் பாட்டு. தம்புராவின் நான்கு தந்திகளும் பஞ்சமத்தையும் ஷட்ஜத்தையும் விடாது ஒலித்துக்கொண்டிருக்கின்றன. கோயில் நாகஸ்வரத்தோடு பண்டுதொட்டு ஒலித்து வந்த ஒத்து என்னும் கருவிக்கும் இதே பணி. சுருதிக்குத் தனியாக மெட்டு இல்லை. எனினும் பாடகர் தொடும் ஒவ்வொரு ஸ்வரமும் அதனோடு ஒப்பிடப்பட்டே நம் செவியில் விழுகின்றது. ஒரு ஸ்வரம் ஷட்ஜத்தை நெருங்கும்போது உண்டாகும் ஆறுதலும், விலகும்போது உண்டாகும் ஏக்கமும் சுருதி தரும் கொடைகளே. நாள்தோறும் கேட்டுப் பழகியமையால் நாம் அதனைக் கவனிப்பதில்லை. தம்புரா நின்றுவிட்டால் அக்கணமே ஏதோ ஒன்று குறைந்துவிட்டதை உணர்கின்றோம்.

மூன்றாவது நெசவு நம் கச்சேரிகளின் தனிச் சொத்துப் போன்றது. பாடகர் கீர்த்தனத்தைப் பாடுகின்றார். வயலின் வித்துவான் உடன் வாசிக்கின்றார். இருவரும் கையாள்வது ஒரே மெட்டு. ஆனால் பாடகர் ஒரு கமகம் கொடுத்த இடத்தில் வயலினில் சற்று வேறுபட்ட அசைவு பிறக்கும். ஆலாபனையிலோ, வயலின் நிழல்போல ஒரு நொடி பின்தங்கியே தொடரும். முறுக்கிய கயிற்றின் பிரிகளைப் போல, இவ்வரிகள் ஒன்றிலிருந்து பிரிந்தும் அதனையே சுற்றியும் செல்கின்றன. ஆகவே இதனைப் பிரியிழை எனலாம். வடநாட்டுக் கயால் பாட்டைத் தொடரும் சாரங்கியிலும், வங்காளத்தில் ரவீந்திரர் பாடல்களோடு இழையும் எஸ்ராஜ் கருவியிலும் இதே உறவைக் காணலாம். கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு அவ்விசை எளிதில் நெருங்கிவிடுவதற்கு இவ்வொற்றுமையும் ஒரு காரணம் எனலாம்.

இந்த உறவைத் தமிழ் நூலோர் அன்றே கூர்ந்து நோக்கியிருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள், மாதவியின் ஆடலுக்குரிய கருவிகள் ஒன்றன்வழி ஒன்று நின்ற முறையைச் சொல்கின்றார். குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதன் பின் முழவும் நின்றன என்பது அவர் காட்டும் ஒழுங்கு. எந்தக் கருவி எதனைப் பின்பற்றிற்று என்று அவர் வகுத்துக் காட்டுவது, நெசவைப் பற்றிய செய்தியே அன்றோ?

இதுவரை கூறிய மூன்றும் நம் செவிக்குப் பழகியவை. நான்காவது நெசவில்தான் நம்மிற் பலர் இடறுகின்றோம். ஆண்டுதோறும் ஜனவரி 29-ஆம் நாள் தில்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் வாத்தியக் குழுக்கள் முழங்குவதை நேரிலோ வானொலி வாயிலாகவோ கேட்டிருப்பீர்கள். அத்தகைய குழு நாட்டுப் பண்ணை இசைக்கும்போது, பள்ளி மாணவர் பாடிய அதே மெட்டை மேலே உள்ள கருவிகள் வாசிக்கின்றன. கீழே உள்ள பெரிய கருவிகளோ வேறு ஸ்வரங்களை வாசிக்கின்றன. மெட்டு அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அவையும் உடன் அடியெடுத்து வைத்து அதனைத் தாங்குகின்றன. ஒரு வரி தலைமை பூண, மற்றவை அதற்குத் தோள் கொடுக்கின்றன. இதனைத் தலைமையிழை என்போம்.

இவ்வாறு தாங்கும் ஸ்வரக் கூட்டத்தை மேலை நாட்டார் ‘கார்டு’ என்பர். சங்கராபரணத்தின் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றையும் ஆர்மோனியத்தில் ஒருசேர அழுத்திப் பாருங்கள். மூன்றும் கலந்து ஒரு புதிய நிறம் தோன்றும். இதில் காந்தாரத்தை மட்டும் மத்தியமத்திற்கு மாற்றினால் நிறமும் மாறும். செவி ஏதோ ஒரு முடிவை எதிர்பார்த்து நிற்கும். மீண்டும் காந்தாரத்திற்கு வந்தால் அமைதி பிறக்கும். நம் இசை, சுருதியிலிருந்து விலகியும் சேர்ந்தும் உண்டாக்கும் ஏக்கத்தையும் ஆறுதலையும், மேலை இசை பெரும்பாலும் இக்கூட்டங்களை மாற்றியே உண்டாக்குகின்றது.

நம் முன்னோர் ஏன் இவ்வழியிற் செல்லவில்லை என்று கேட்கலாம். கார்டு அமைய வேண்டுமாயின் ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் அசையாது நிற்றல் வேண்டும். நம் ஸ்வரமோ அசைவிலேயே உயிர் வாழ்வது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் தோடியே மறைந்துவிடும். அசையும் ஸ்வரத்தின் கீழ் அசையாத கூட்டத்தை வைத்தால், ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். ஆகவே ஒரே வரியை நுட்பமாக இழைத்தல் நம் வழியாயிற்று; பல வரிகளை ஒருங்கே நிறுத்துதல் அவர் வழியாயிற்று. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்னும் வாதத்திற்கு இங்கே இடமில்லை.

இவ்விரு வழிகளும் சந்தித்த ஒரு வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 1835-ஆம் ஆண்டில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கில வாத்தியக் குழுவைக் கேட்டார் என்பர். அம்மெட்டுகளில் ஏறத்தாழ நாற்பதனுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். ‘நோட்டு ஸ்வர சாகித்தியங்கள்’ என்று இன்றும் நம் குழந்தைகள் பாடுபவை அவையே. பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. கோட்டையில் அவ்விசை பல கருவிகளின் தாங்குதலோடு முழங்கியிருக்கும். தீட்சிதர் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். கீழிருந்த கூட்டங்களை விட்டுவிட்டார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ வயலினையே கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். கருவி வந்தது, மெட்டு வந்தது, நெசவு மட்டும் வரவில்லை. பிறரிடம் எதைக் கொள்வது, எதை விடுப்பது என்பதில் அவர்கள் காட்டிய தெளிவு வியக்கத் தக்கது.

இனி ஐந்தாவது நெசவாகிய பல்லிழைக்கு வருவோம். இங்கே தலைவரும் இல்லை, தொண்டரும் இல்லை. ஒவ்வொரு வரியும் தன்னளவில் ஒரு மெட்டு. செருமானிய இசை மேதையாகிய யோகான் செபாஸ்தியன் பாக் (1685-1750) இதில் ஈடற்றவர். அவர் 1722-ஆம் ஆண்டில் தொகுத்த ஒரு நூலில் ‘பியூக்’ என்னும் வகை உருப்படிகள் இருபத்துநான்கு உள்ளன. பியூக்கில் ஒரு குரல் தனியே ஒரு சிறு மெட்டைத் தொடங்கும். அது முடிந்ததும் இரண்டாம் குரல் அதே மெட்டை வேறு உயரத்தில் எடுக்கும். முதற்குரல் அப்போது ஓய்வதில்லை. வேறொன்றைப் பாடிக்கொண்டே செல்லும். பிறகு மூன்றாவது குரல், சிலவற்றில் நான்காவதும் சேரும். ஒரே சமயத்தில் பலர் பேசினால் சந்தையாகும். பலர் பாடினால் இவ்வாறு இசையுமாகும்.

இது மேனாட்டார்க்கே உரியது என்று எண்ணிவிடல் ஆகாது. நாகாலாந்தின் பெக் பகுதியில், சோக்ரி மொழி பேசும் சாக்கேசாங் நாக மக்கள் மலைச்சரிவு வயல்களில் குழுக்குழுவாக நெற்பயிர் செய்யும்போது, ‘லி’ எனப்படும் பாடல்களைப் பல குரல்களாகப் பிரித்துப் பாடுகின்றனர். ஒரு சாரார் தொடங்க, மற்றொரு சாரார் வேறு வரியில் இணைவர். ஏடும் இல்லை, கோல் அசைக்கும் நடத்துநரும் இல்லை. கை வேலையின் அசைவே தாளம். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோ கி பா லூ’ என்னும் ஆவணப்படம் இப்பாடல்களையும் அவர்தம் உழைப்பையும் ஒருங்கே காட்டுகின்றது. பாரத நாட்டு இசை ஒற்றை வரி இசையே என்று நாம் நெடுங்காலம் கூறிவந்த கூற்று, நம் எல்லைக்குள்ளேயே திருத்தம் பெற வேண்டியதாகின்றது.

இவ்வேறுபாடுகளை ஒரே இடத்திற் கேட்டுப் பழக விரும்புவோர்க்கு ஏற்ற உருப்படி ஒன்றுண்டு. 1742-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேறிய, ஹேண்டல் என்பார் இயற்றிய ‘மெசையா’ என்னும் பேரிசைப் பாடலின் ‘ஹல்லேலூயா’ பகுதியே அது. கிறிஸ்துமஸ் காலத்தில் நம் நகரங்களின் சேர்ந்திசைக் குழுக்கள் இதனைப் பாடுவதுண்டு. நான்கு நிமிட அளவே நீளம். தொடக்கத்தில் நான்கு வகைக் குரல்களும் ஒரே சொல்லை ஒரே வேளையில் வெவ்வேறு ஸ்வரங்களில் முழக்குகின்றன, அது தலைமையிழை. சற்று நேரத்தில் எல்லாக் குரல்களும் ஒரே மெட்டில் ஒன்றுசேர்கின்றன, ஒற்றையிழை. நடுப்பகுதிக்குப் பின் கனத்த ஆண்குரல் தனியே ஒரு மெட்டைத் தொடங்க, மெல்லிய ஆண்குரலும், தாழ்ந்த பெண்குரலும், உயர்ந்த பெண்குரலும் முறையே அதனை எடுத்துக்கொள்கின்றன, பல்லிழை. அதன்பின் உயர்ந்த குரல் ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்க, மற்றவை அதன்கீழ் வெட்டிவெட்டி ஒலிக்கின்றன. நம் சுருதியைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற தோற்றம் அது.

நம் வானொலியும் இத்துறையில் தன் பங்கைச் செய்துள்ளது. பம்பாய் நிலையத்தில் பணியாற்றிய வால்டர் காஃப்மன் அமைத்த நிலைய அடையாள இசையை நினைவுகூருங்கள். தம்புராவின் மீட்டல், அதன்மேல் வயலின். நாம் கூறிய இரண்டாவது நெசவே அது. 1952-ஆம் ஆண்டில் தில்லியில் தோன்றிய வாத்திய விருந்தத்தை ரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராம ஐயரும் நடத்தினர். ராகத்தின் அழகு குலையாமல் பல கருவிகளை எவ்வாறு இணைப்பது என்னும் கடினமான வினாவிற்கு விடைதேடிய முயற்சி அது. திரையிசையில் அவ்விடையை வெகுதூரம் கொண்டுசென்றவர் இளையராஜா. 1986-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பில் பாக்கின் உருப்படியும் நம் ராகமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அவருடைய திரைப் பாடல்களைக் கேட்கும்போது, பாடும் குரலை விட்டுவிட்டு, கீழே செல்லும் கிதாரின் கனத்த வரியை மட்டும் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். அறிந்த பாட்டினுள் அறியாத மற்றொரு பாட்டு ஒளிந்திருந்தது புலப்படும்.

நேயர்கள் நினைவிற்கொள்ளத் தக்கவை மூன்று வினாக்களே. முதலாவது, ஒரே சமயத்தில் எத்தனை வரிகள் வேறுவேறாகச் செல்கின்றன? இரண்டாவது, ஏதேனும் ஒரு வரி தலைமை தாங்குகின்றதா, அன்றி எல்லாம் சமமா? மூன்றாவது, அசையாது நிற்கும் ஸ்வரம் ஏதேனும் உண்டா? முதலில் உயர்ந்த குரலைத் தொடர்க. அடுத்த முறை மிகத் தாழ்ந்த ஒலியைத் தொடர்க. மூன்றாம் முறை எதனையும் தொடராது முழுமையையும் கேட்க. ஒரு பாட்டு முழுவதும் ஒரே நெசவில் நிற்றல் வேண்டும் என்பதில்லை. அது மாறும் இடத்தைக் கண்டுகொள்வதே கேட்பவரின் இன்பம்.

ஷில்லாங்கிற்குத் திரும்புவோம். சிறுமி அழுத செய்தி அறிந்து, அடுத்த வீட்டுக் காசி இனத்துத் தோழி மறுநாள் வந்தாள். அதே குழுவில் மெட்டைப் பாடும் பங்கு அவளுடையது. பாட்டியார் வழக்கம்போல் சுருதிப் பெட்டியைத் திறந்து வைத்தார். தோழி மெட்டைப் பாடினாள். நம் சிறுமி, கண்களைத் துடைத்துக்கொண்டு, நான்கு நாளாக மறக்கடிக்கப்பட்ட தன் வரியைத் தயக்கத்தோடு தொடங்கினாள். இரண்டாம் அடியில் இரு குரல்களும் பொருந்தின. மெட்டு மேலே ஏற, கீழே ஒரே ஸ்வரத்தில் நின்ற குரல் அதற்குத் தரை போல் அமைந்தது. பாட்டியார் இருவரையும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும், “இன்னொரு முறை பாடுங்கள், இம்முறை நான் இவளுடையதை மட்டும் கேட்கிறேன்” என்றார்.

சிறுமி குழுவில் மீண்டும் சேர்ந்தாள். பாட்டியார் அவளுக்கு வர்ணம் சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. மாலையில் ஒற்றை வரியும், காலையில் பல வரியுமாக அவ்வீட்டில் இரண்டும் நடைபெற்று வருகின்றன. தாய்மொழியோடு வாழும் ஊரின் மொழியையும் நம் குழந்தைகள் கற்பதுபோல, தாய் இசையோடு அயல் இசையையும் அவர்கள் செவி ஏற்கும். ஏற்பதனால் முன்னையது குறைவதில்லை. அடுத்த வீட்டிலிருந்து இன்று மாலை பல குரல்கள் எழுமாயின், சாளரத்தை அடைக்குமுன் அவற்றுள் ஒரு வரியை மட்டும் சிறிது தூரம் தொடர்ந்து பார்ப்போமாக.